வெள்ளம் வந்தால் நாயை அவிழ்த்துவிட்டால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சென்னை வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீடு, 22 கிலோ எடையில் ஒரு நாட்டு நாய், இரண்டு பூனைகள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நடந்தது போல மறுபடி தண்ணீர் ஏறினால் கையோடு எடுத்துப்போக என்ன பை தயார் செய்ய வேண்டும்? நேரமில்லாமல் போனால் நாயை அவிழ்த்துவிட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளுமா? பைக்கு வேண்டியதை ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். மின்சாரம் போன இருட்டில், பத்து நிமிடத்துக்குள் மூன்றையும் பிடித்து மாடிக்கோ தெருவுக்கோ கொண்டுவர முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. அங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். பை வாசலில் தயாராக இருக்கும், பூனை லாஃப்டில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

அவிழ்த்துவிடுவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கிலியில் கட்டியோ கூண்டில் பூட்டியோ விட்டுப்போன விலங்கு, தண்ணீர் ஏறினால் சாகும். இதில் சந்தேகமே இல்லை. அதற்காகத் தெருவில் அவிழ்த்துவிடுவது நல்ல வழி ஆகிவிடாது. நாய்க்கு நீந்தத் தெரியும், ஆனால் இழுப்பில் சீக்கிரம் களைத்துவிடும். திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால், கரண்ட் கசியும் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), அடுத்த தெரு நாய்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் தாண்டிவிட்டாலும் பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலுக்கேதான் திரும்பி வரப் பார்க்கும். விட்டுப்போகவே நேர்ந்தால் வீட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டாமல் விடுவது மேல். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் இரண்டு விதமான வெள்ளம் உண்டு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரும் மழையும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியபோது சில மணி நேரத்தில் தரைத்தளங்கள் முழுகின. 2023 டிசம்பர் 3, 4 மழைக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. முதலாவதில் ஆபத்து வேகம், இரண்டாவதில் ஆபத்து காலம். உங்கள் இடத்துக்கு இரண்டுக்கும் தயாராக வேண்டும். பெரும்பாலும் நீங்கள் ஊரைவிட்டுப் போகப்போவதில்லை. மேல்மாடியில் கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் நான்கைந்து நாள் கழிப்பதுதான் நடக்கும். அதனால் முதல் வேலை கடையில் இல்லை, மாடி வீட்டில் இருக்கிறது. "அக்கா, தண்ணி ஏறினா நாயையும் பூனைக் கூண்டையும் உங்க மாடிப்படி பக்கம் நாலஞ்சு நாள் வச்சுக்கலாமா?" என்று செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ போடும் நிவாரண முகாமில் நாய்க்கு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அது அங்கே பொறுப்பில் இருப்பவர் மனசைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலில் செல்லப்பிராணியை விட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இங்கே அதுபோல ஒன்றை நம்பிக் கிளம்ப முடியாது. மேட்டுப் பகுதியில் ஒரு உறவினர், நண்பர், அல்லது நாய்களைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றை மாற்று ஏற்பாடாகப் பேசி வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் விடுதிக்காரர்கள் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள்.

எப்போது கிளம்புவது என்பதை மழை பெய்யும் நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். இப்போதே வாசல்படியில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், பகலோ இரவோ, விலங்குகள் மாடிக்குப் போகும். கோடு கீழ்ப்படியிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் பூனை பிடிபடாது.

பூனை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பூனைக்கு ஒரு கூண்டு. நன்றாகப் பழகும் இரண்டு பூனைகள்கூட பயத்தில் ஒன்றை ஒன்று குதறும். துணிப்பையாக இல்லாமல், மேலேயும் திறக்கிற கெட்டி பிளாஸ்டிக் கூண்டாக வாங்குங்கள். கூண்டின் மேல்பாதியையும் அடித்தட்டையும் இணைக்கும் கிளிப்கள் நம்பகமானவை அல்ல. தூக்கும்போது அடித்தட்டு தனியாகக் கழன்று விழுவது அடிக்கடி நடக்கிற விபத்து. நான்கு மூலையிலும் கேபிள் டை போட்டு இறுக்கிவிடுங்கள். முதல் வாரம் கதவைக் கழற்றிவிட்டு, பூனை படுக்கிற பழைய துணியை உள்ளே போட்டு, கூடத்தில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டாம் வாரம் சாப்பாட்டுத் தட்டைக் கூண்டு வாசலில் தொடங்கி நாளுக்கு நான்கு விரல் உள்ளே தள்ளுங்கள். மூன்றாம் வாரம் கதவை மாட்டி, சாப்பிடும்போது ஒரு நிமிடம் மூடித் திறங்கள். அது பழகியதும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்வாருங்கள். டாக்டரிடம் போகும்போது மட்டும் கூண்டு வெளியே வந்தால், அதைப் பார்த்ததுமே பூனை மறைந்துவிடும்.

அன்றைய தினத்தில் வரிசையை மாற்றாதீர்கள்: பை கட்டும் முன் பூனையைப் பிடிக்க வேண்டும். வீட்டில் பரபரப்பு தொடங்கினாலே அது ஒளிந்துகொள்ளும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே இரண்டையும் கட்டிலடியும் லாஃப்டும் இல்லாத ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். முரண்டுபிடிக்கிற பூனையை முகம் முன்னால் போகும்படி உள்ளே தள்ள முடியாது, நான்கு காலையும் விரித்துக் கூண்டு விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். கூண்டை நிமிர்த்தி வாய் மேலே இருக்கும்படி வையுங்கள். கெட்டி டவலில் பூனையைச் சுற்றி, பின்கால்கள் முதலில் போகும்படி மேலிருந்து இறக்கி, டவலோடு மூடிவிடுங்கள். கூண்டே கைக்குக் கிடைக்காவிட்டால் பருத்தித் தலையணை உறையில் போட்டு முடிச்சிடலாம். ஆனால் உறை நனையவே கூடாது, நனைந்த துணிக்குள் காற்று போகாது.

நாய்க்குக் கழுத்துப்பட்டை மட்டும் போதாது. தண்ணீரில் இழுக்கும்போது கழுத்தை இறுக்கும், அல்லது தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ் வாங்கி, இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கி, தினசரி நடைக்கு அதையே போட்டுப் பழக்குங்கள். கயிறு ஆறடி போதும். நீட்டிச் சுருக்கும் வகை வேண்டாம், எதிலாவது சுற்றிக்கொள்ளும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், வளையத்தைக் கையில் பிடித்திருந்தால் ஆபத்தில் விட்டுவிட முடியும். 22 கிலோ நாயைப் படி ஏற்றித் தூக்குவது சுலபமில்லை. தனியாளாக இருந்தால் ஒரு கை மார்புக்கு முன்னால், மறு கை பின்தொடைகளுக்குப் பின்னால் கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள், வயிற்றில் கை கொடுத்தால் துள்ளும். நாய் காயப்பட்டிருந்தால் கெட்டிப் போர்வையில் கிடத்தி இருவர் தூக்குங்கள், பலசாலி கீழ்ப்படியில் வரட்டும். வலியிலும் பயத்திலும் உங்கள் நாயே உங்களைக் கடிக்கலாம். வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம் விடும் கூடை வகை வாய்ப்பூட்டு நல்லது. அது இல்லாவிட்டால் ஒரு மீட்டர் பேண்டேஜ் துணியில் ஒரு சுருக்கு போட்டு மூக்கின் மேல் இறுக்கி, முனைகளைத் தாடைக்கு அடியில் குறுக்காகக் கொண்டுபோய்க் காதுகளுக்குப் பின்னால் கட்டலாம். இது சில நிமிடத்துக்குத்தான். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் இப்படிக் கட்டவே கூடாது.

இப்போது பை. தண்ணீர்: நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது சுமார் 1.1 முதல் 1.3 லிட்டர், இரைப்பு இருந்தால் கூடும், ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனை ஒவ்வொன்றுக்கும் கால் லிட்டர். மூன்றுக்கும் நாளைக்கு 2 லிட்டர், ஏழு நாளுக்கு 14. ஆக அவற்றுக்கென்றே ஒரு 20 லிட்டர் கேனை மாடியில் போட்டுவிட்டால் போதும். வெள்ளத் தண்ணீரைக் காய்ச்சினாலும் கொடுக்காதீர்கள். கிருமி சாகும், கலந்திருக்கும் டீசலும் ரசாயனமும் போகாது. சாப்பாடு: தினமும் தயிர்சாதமும் சிக்கன் சோறும் போடுகிற வீடாக இருந்தால், கேஸ் இல்லாத நாளில் திடீரென்று உலர்தீனி போட்டால் வயிற்றால் போகும். மாடியில் நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால் மாடி வீட்டு அக்காவின் பொறுமைக்கும் எல்லை உண்டு. அக்டோபருக்கு முன்பே ஒரு வாரம் கால்பங்கு உலர்தீனி கலந்து பழக்குங்கள். உங்கள் நாய்க்கு நாளைக்கு சுமார் 300 கிராம், ஏழு நாளுக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். நடுத்தரப் பூனை ஒவ்வொன்றுக்கும் 55 முதல் 60 கிராம். மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள், சாக்கில் வைத்தால் ஈரமும் எறும்பும் மிச்சம் வைக்காது. நிவாரணப் பொட்டலத்தில் வரும் சாம்பார் சாதத்திலும் பிரியாணியிலும் வெங்காயம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். ஒன்றுமே இல்லையென்றால் வெறும் சோறு.

மருந்துகளில் ஒரு விஷயத்தில் விளையாடக் கூடாது: வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரும். அந்த மாத்திரைகள் சீட்டு இல்லாமல் கிடைக்காது, ஆகவே இரண்டு வாரக் கையிருப்பும் சீட்டின் நகலும் வேண்டும். இன்சுலின் போடும் பூனை இருந்தால் குப்பியை ஐஸ்மீது நேராக வைக்காதீர்கள், உறைந்தால் பயனில்லை. ஈரத்துணி சுற்றிய மண்பானை தாங்கும். இடிக்குப் பயப்படும் நாய்க்கு மயக்க மாத்திரை கேட்பவர்கள் உண்டு. தண்ணீரில் இறங்க நேரலாம் என்ற நிலையில் தள்ளாடும் நாய் பெரிய ஆபத்து. பதற்றத்தைக் குறைக்கும் மருந்தை டாக்டர் எழுதிக்கொடுத்தாலும், அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். அளவை இங்கே எழுத மாட்டேன், அது நாயைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. வீட்டுப் பாராசிட்டமால் கூடவே கூடாது, பூனையைக் கொல்ல ஒரே மாத்திரை போதும்.

கழுத்துப்பட்டையில் அழியாத மை பேனாவால் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று உங்களுடையது, இன்னொன்று வெள்ளம் எட்டாத ஊரில் இருக்கும் ஒருவருடையது. உங்கள் போன் சார்ஜ் போய்க் கிடக்கும். மைக்ரோசிப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது: அது இருப்பிடத்தைக் காட்டாது. ஸ்கேனர் வைத்துப் படித்தால் 15 இலக்க எண் ஒன்று வரும், அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால்தான் பயன். நாயோடும் பூனையோடும் நீங்கள் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று எடுத்து, தடுப்பூசிப் புத்தகப் படங்களோடு இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். யாராவது எடுத்து வைத்திருக்கும் நாய் உங்களுடையதுதான் என்று காட்ட அதைவிட எளிய வழி இல்லை.

வெள்ளத்தின் உண்மையான நோய் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் தண்ணீரில் கலந்து, கால் வெடிப்பு வழியாகவோ வாய் வழியாகவோ நாய்க்குள் போகிறது. அங்கிருந்து நாயின் சிறுநீர் வழியாக வீட்டு மனிதர்களுக்கும் வரும். பூனைகளை அபூர்வமாகத்தான் தாக்கும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் பலரும் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் வழக்கமான ஊசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. புத்தகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். முதல்முறை போடும் நாய்க்கு 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இரண்டாவது ஊசிக்குப் பின்னும் எதிர்ப்பு உருவாகக் காலம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் தொடங்குவதால், ஆகஸ்டிலேயே முதல் ஊசி போட்டுவிட வேண்டும். புயல் அறிவிப்பு வந்தபின் ஓடிப்போய்ப் போடும் ஊசி அந்த வெள்ளத்துக்கு உதவாது. ஊசி போட்ட நாய்க்கு வரவே வராது என்றும் சொல்ல முடியாது. ஊசியில் உள்ள வகைகளுக்குத்தான் அது காப்பு, கிருமியில் வகைகள் பல. தண்ணீரில் இறங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, நடக்கத் தயக்கம், கண் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள், "வெள்ளத் தண்ணியில இறங்கினான்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே மாத்திரை கொடுத்து இதைத் தடுக்கலாமா என்பதில் மனிதர்களுக்குச் செய்வதை அப்படியே நாய்க்குப் பொருத்த முடியாது. டாக்டர் முடிவு செய்யட்டும்.

தண்ணீரில் நடக்க நேர்ந்தால், மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். முன்னால் குச்சியால் தரையைத் தட்டிப் பாருங்கள். நாயின் வயிற்றைத் தண்ணீர் தொட்டால் தூக்கிக்கொள்ளுங்கள். மின்கம்பத்துக்கோ பில்லர் பாக்ஸுக்கோ அருகில் நாய் திடீரென்று கத்தி விறைத்தால் அதன் பின்னால் பாயாதீர்கள், அந்தத் தண்ணீரில் கரண்ட் இருக்கிறது. படகுக்குப் போன் செய்யும்போதே "நாய் ஒன்று, கூண்டு இரண்டு" என்று சொல்லிவிடுங்கள், வந்தபின் சொன்னால் இடமில்லை என்பார்கள். வாய்ப்பூட்டு போட்ட நாயை ஏற்ற அவர்கள் தயங்குவதும் குறைவு. மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, கால்நடை ஆம்புலன்ஸ் 1962. இந்தக் கடைசி எண் சிகிச்சைக்கு, படகை எதிர்பார்க்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, கிண்டி புளூ கிராஸ் (விலங்கு நல அமைப்பு) எண்களையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கையில் தூக்கவே வழியில்லாமல் விட்டுப்போக வேண்டிய கட்டம் வந்தால்: மாடிப்படியின் உச்சி அறை அல்லது வீட்டில் உயரமான அறை. கட்டாதீர்கள், கூண்டில் பூட்டாதீர்கள். பூனைகளுக்கு அலமாரி உச்சிக்கு ஏற வழி வைத்து, நாயை வேறு அறையில் விடுங்கள். கனமான வாளிகள் மூன்றில் தண்ணீர், ஒன்று கவிழ்ந்தாலும் மற்றவை நிற்கும். உலர்தீனியைப் பல பாத்திரத்தில் பிரித்து வையுங்கள். கழிப்பறை ஆசிட்டையும் எலி மருந்தையும் எடுத்துவிடுங்கள். கதவுக்கு வெளியே, பாலிதீன் உறைக்குள், "நாய் 1, பூனை 2, கட்டவில்லை" என்று எழுதித் தேதியும் எண்ணும் போட்டு ஒட்டுங்கள். சாவியை மாடியில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அதனால் அவை தப்பித்துக்கொள்ளும் என்று 2004 சுனாமிக்குப் பிறகு நிறையப் பேசப்பட்டது. இடியையும் அதிர்வையும் அவை நமக்கு முன்பே உணரலாம். ஆனால் அதை வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யும் அளவுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வாசல்படிக் கோட்டை நம்புங்கள்.

தண்ணீர் வடிந்தபின்தான் கவனக்குறைவு அதிகம். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, விரலிடுக்கும் காதுமடலும் உலரத் துடையுங்கள். ஈரத்தில் இருக்கும் சின்னப் புண்ணில் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். புழுவுக்குக் கற்பூரமும் டர்பன்டைனும் ஊற்றுவது ஊர்ப் பழக்கம், பூனைக்கு இரண்டுமே விஷம். வீடு கழுவும் கறுப்பு ஃபினாயிலும் டெட்டாலும்கூடப் பூனைக்கு ஆகாது. தரையை மிதித்துக் காலை நக்கினாலே உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரில் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, முழுக்கக் காய்ந்தபின் உள்ளே விடுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். ஷூ, பீரோ அடி, துணிமூட்டை எல்லாவற்றிலும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம். நாய் மோப்பம் பிடித்துப் போய்க் கடிபட்டால் கட்டுப் போடவும் கீறவும் வேண்டாம், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குப் போங்கள், போகும் வழியிலேயே இருப்பைக் கேட்டுவிடுங்கள். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் எழுந்தால் மலச்சிக்கல் என்று விடாதீர்கள். மன அழுத்தத்தில் வரக்கூடிய சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். இரண்டு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாத பூனையையும், குறிப்பாகக் குண்டுப் பூனையை, காத்திருந்து பார்க்கக் கூடாது. ஈரல் கெட்டுவிடும்.

பூனை தொலைந்துவிட்டால் தூரத்தில் தேடி அலையாதீர்கள். பெரும்பாலும் சில வீடுகளுக்குள்ளேயே, மாடிப்படிக்கு அடியிலோ நிறுத்தியிருக்கும் காரின் அடியிலோ, கூப்பிட்டாலும் சத்தம் கொடுக்காமல் பதுங்கியிருக்கும். ஊர் அடங்கியபின், இரவு பதினொரு மணிக்கு மேல், டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாக வெளிச்சம் அடியுங்கள், கண்கள் மின்னும். கையில் கூண்டும் உள்ளே அதன் பழைய துணியும் இருக்கட்டும். வெறுங்கையில் தூக்கி வந்தால் பாதி வழியில் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும்.